முன்னாடி கல்லு, பின்னாடி வைக்கோல்: கம்பைன் செட் பண்றப்போ சேத்துப் பாக்க வேண்டிய ரெண்டு விஷயம்

கம்பைன் ஹார்வெஸ்டர் ஓட்டுறவங்க சீசன் ஆரம்பத்துல செட்டிங் பண்ண உக்காந்தா மொத்தக் கவனமும் தானியத்து மேலதான் இருக்கும், டேங்க்ல சுத்தமா விழுதா, மணி உடையுதா, பின்னாடி சிந்துதா, இதைப் பாக்குறதுக்குள்ளயே ஒரு நாள் ஓடிடும். அது தப்பில்ல, வருமானமே அந்த டேங்க்ல இருந்துதான் வருது. ஆனா அதே மிஷின் கிட்டத்தட்ட தானியத்தோட எடைக்குச் சமமா இன்னொரு சரக்கையும் உள்ள வாங்கி வெளிய தள்ளுது, அதுதான் வைக்கோலும், பதரும் உமியும் சேந்த கூளமும். அது எங்க விழுது, எவ்வளவு அகலத்துல விழுதுன்னு திரும்பிப் பாக்குறவங்க கம்மி. அதே மாதிரி கல்லு. மோதி டமார்னு சத்தம் வந்தப்புறம்தான் கல்லைப் பத்தி யோசிக்கிறோம், அதுக்கு முன்னாடி யோசிக்கிறதே இல்ல.

இந்த ரெண்டையும் ஒரே கட்டுரையில எழுதக் காரணம் இருக்கு. வைக்கோல் பரப்புறது மிஷினோட வால் பக்க வேலை, கல்லைத் தடுக்குறது தலைப் பக்க வேலை, அதனால மேனுவல்லயும் தனித்தனி அத்தியாயமா இருக்கும், நாமளும் தனித்தனியாத்தான் பாக்குறோம். ஆனா ரெண்டையும் முதல்ல தீர்மானிக்கிறது ஒரே முடிவு, தரையில இருந்து எவ்வளவு உயரத்துல அறுக்குறோம்ங்கிறதுதான். கத்தியை இறக்க இறக்க வைக்கோல் அதிகமா உள்ள வருது, மண்ணும் கல்லும் சேந்து வருது, ஏத்துனா ரெண்டுமே குறையுது. மத்த செட்டிங் எல்லாம் அந்த முடிவுக்கு அப்புறம் வர்றதுதான்.

முதல்ல அளவைக் கணக்குப் போட்டுப் பாப்போம். 12 மீட்டர் அகல ஹெட்டர் (முன்னாடி பயிரை அறுத்து உள்ள தள்ளுற பகுதி), கோதுமை மாதிரி பயிர், வெட்டுன மட்டத்துக்கு மேல எக்டருக்கு 4 டன் வைக்கோலும் கூளமும் மிஷினுக்குள்ள போகுதுன்னு வச்சுக்குவோம். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு மணி நேரத்துல 6 எக்டர், அதாவது மணிக்கு 24 டன் கழிவு பின்பக்கமா வெளிய வருது, மிஷின் ஒரு மீட்டர் நகர்றதுக்குள்ள கிட்டத்தட்ட 5 கிலோ. இத்தனையும் வெளிய வர்ற வாய் ஒண்ணரை மீட்டர் அகலம் இருந்தா அதிகம். அந்த 5 கிலோவை 12 மீட்டருக்கும் சமமா வீசுனா சதுர மீட்டருக்கு 400 கிராம், தரை மேல மெல்லிசா ஒரு போர்வை. 6 மீட்டருக்கு மட்டும் விழுந்தா நடுவுல 800 கிராம், ரெண்டு ஓரமும் மொட்டைத் தரை. 3 மீட்டருக்குள்ளயே கொட்டிட்டுப் போனா ஒண்ணரை கிலோவுக்கு மேல, அது போர்வை இல்ல, மெத்தை.

அந்த மெத்தை என்ன பண்ணும்னு அடுத்த விதைப்புலதான் தெரியும். உழாம நேரடியா விதைக்கிறவங்களுக்கு இது பெரிய தலைவலி, ஏன்னா விதைக்கிற கருவியோட வட்டத் தகடு, அதாவது டிஸ்க், வைக்கோலை வெட்டாம மடிச்சு அப்படியே குழிக்குள்ள திணிச்சுடும், விதை மண்ணைத் தொடாம வைக்கோல் மேல உக்காந்திருக்கும், ஈரம் கிடைக்காது. டைன், அதாவது கொழு மாதிரி கொக்கி, வச்ச விதைக்கருவியா இருந்தா வைக்கோலைக் குவிச்சு இழுத்துட்டுப் போய் அடைச்சுக்கும். மெத்தைக்கு அடியில மண்ணு ஈரமா, குளிர்ச்சியா இருக்கும், பக்கத்துல மொட்டைத் தரை சூடா காஞ்சு கிடக்கும், ஒரே நாள்ல விதைச்ச வயல்ல ஒரு பட்டை முளைச்சு ரெண்டு இலை விட்டிருக்கும், பக்கத்துப் பட்டை அப்பதான் தலை காட்டும். அப்புறம் களைக்கொல்லி அடிக்கிறப்போ எந்தப் பட்டையோட வயசுக்குன்னு அடிக்கிறது, அறுக்குறப்போ எது பழுத்ததுன்னு பாக்குறது, வருஷம் பூரா அந்தப் பட்டை கூடவே வரும்.

மண்ணுக்குள்ள நடக்குறதும் சாதாரண விஷயம் இல்ல. கோதுமை வைக்கோல்ல கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 80க்கு 1ங்கிற விகிதத்துல இருக்கு, அதை மக்க வைக்கிற நுண்ணுயிருக்குத் தோதான விகிதம் 24க்கு 1 கிட்ட, அந்தப் பற்றாக்குறைக்கு அது மண்ணுல இருக்கிற நைட்ரஜனைத்தான் எடுத்துக்கும். வைக்கோல் சமமா பரவி இருந்தா அந்த இழப்பும் சமமா இருக்கும், உரத்துல சரிக்கட்டலாம். பட்டையா விழுந்திருந்தா அந்தப் பட்டையில மட்டும் பயிர் மஞ்சளா நிக்கும். இன்னொரு பக்கம், தானியப் பயிர்ல பொட்டாசியம் பெரும்பகுதி வைக்கோல்லதான் இருக்கு, தானியத்துல இல்ல. வருஷா வருஷம் ஒரே தடத்துல மிஷின் ஓட்டி அதே நடுப்பட்டையில கொட்டிட்டே இருந்தா, வயலோட ஓரப் பட்டைகள்ல இருந்து பொட்டாசியத்தை அள்ளி நடுவுல சேத்து வைக்கிறோம்னு அர்த்தம். மண் பரிசோதனை ரிசல்ட் ஏன் ஏறுக்கு மாறா வருதுன்னு குழம்புறப்போ இதையும் ஒரு தடவை யோசிச்சுப் பாக்கணும்.

பின்னாடி ஹாரோ (பல்லு வச்ச பரம்பு) விட்டு இழுத்து சரி பண்ணிக்கலாம்னு நினைக்கிறவங்க இருக்காங்க. கனமான ஹாரோ நல்ல வெயில் காயுற மதியத்துல, வைக்கோல் மொறுமொறுன்னு இருக்கிறப்போ நீள வைக்கோலை ஓரளவு இழுத்துப் பரப்பும், அதை ஒத்துக்குறேன். ஆனா கூளம் அப்படி நகராது, கொட்டுன இடத்துலயே படிஞ்சுக்கும், ஒரு தூறல் விழுந்தா அட்டை மாதிரி ஒட்டிக்கும். என் கருத்து என்னன்னா பரப்புறதுக்கு கிடைக்கிறது ஒரே ஒரு வாய்ப்பு, அது மிஷினை விட்டு வெளிய வர்ற அந்த ஒரு நொடி.

இங்க ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பாக்கணும், வைக்கோலும் கூளமும் ஒரே வழியில வெளிய வர்றதில்ல. நீளமான தண்டு, மணியை உதிர்க்கிற த்ரெஷிங் டிரம்முல அடிபட்டு, குலுக்குற வாக்கர் வழியாவோ சுத்துற ரோட்டார் வழியாவோ பின்னாடி வந்து, வைக்கோலை வெட்டுற சாப்பர்ல விழுது. பதர், உமி, உடைஞ்ச இலை, களை விதை, தூசி இதெல்லாம் சல்லடைக்கு மேல ஃபேன் காத்துல தள்ளப்பட்டு கீழ்வழியா வருது. பழைய மிஷின் நிறையத்துல வைக்கோலுக்கு மட்டும் சாப்பரும், பரப்பி வீசுற ஸ்ப்ரெடரும் இருக்கும், கூளம் சல்லடைக்குப் பின்னாடி நேரா தரையில கொட்டும். தூரத்துல நின்னு பாத்தா வைக்கோல் அருமையா விசிறி மாதிரி பரவுறது தெரியும், மனசுக்குத் திருப்தியாவும் இருக்கும், ஆனா கிட்டப் போய் வைக்கோலை விலக்கிப் பாத்தா ரெண்டு மீட்டர் அகலத்துக்கு கூளம் கனமா கோடு போட்டிருக்கும். முளைக்கிற தானியமும் களையும் அந்தக் கோட்டுலதான் திட்டுத் திட்டா வரும். அதனால கூளத்தை சாப்பருக்குள்ள திருப்பி விடுற அமைப்போ, தனியா சுத்துற கூள ஸ்ப்ரெடரோ இருந்தா அதை ஓட விடுங்க, கழட்டி ஷெட்டுல போட்டு வச்சிருந்தா எடுத்து மாட்டுங்க. அகல ஹெட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இது ஆசைக்கு மாட்டுற பொருள் இல்ல, அவசியம்.

இனி சாப்பர். ஒரு உருளை, அதுல வரிசையா தொங்குற கத்திகள், வேகமா சுத்துறப்போ கத்தி நிமிந்து நிக்கும், எதிர்ல அசையாத கத்தி வரிசை, ரெண்டுக்கும் நடுவுல தண்டு மாட்டி வெட்டுப்படும். கத்தி கூரா இருந்தா தண்டு சுத்தமா துண்டாகும், மழுங்கிப் போனா வெட்டாது, அடிச்சுக் கிழிக்கும், நார் நாரா வரும், அதுக்கு டீசலும் அதிகம் குடிக்கும். இதைத் தெரிஞ்சுக்க மிஷின் அடியில படுக்க வேண்டாம், தரையில விழுந்த துண்டு ஒரு கைப்பிடி எடுத்து முனையைப் பாத்தா போதும். பெரும்பாலான கத்திக்கு ரெண்டு ஓரமும் கூர் இருக்கும், ஒரு பக்கம் தேஞ்சா திருப்பிப் போடலாம். மாத்துறப்போ ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தக் கூடாது, நேர் எதிர்ல இருக்கிறதையும் சேத்து ஜோடியா மாத்தணும், போல்ட் நட்டும் புதுசு போடணும், ஏன்னா நிமிஷத்துக்கு 3000 சுத்துக்கு மேலயும் போற உருளையில சில கிராம் வித்தியாசம்கூட நடுக்கமா மாறி பேரிங்கைத் தின்னுடும். நெல் வைக்கோல்ல சிலிக்கா அதிகம், அது ஓடுற மிஷின்ல கத்தி இன்னும் சீக்கிரம் தேயும், அதனால போன வருஷம் எத்தனை எக்டர் தாங்குச்சுங்கிற கணக்கை வேற பயிருக்கு அப்படியே போட முடியாது.

பெல்ட்டையும் பாக்கணும். சாப்பர் பெல்ட் தளந்து வழுக்குனா சுத்து குறையும், கேபின்ல உக்காந்திருக்கிறவருக்குத் தெரியாது, வெட்டும் மோசமாகும் வீச்சும் குறையும், ஒரு ஈரத் திட்டு வந்தா அடைச்சு நின்னுடும், அப்பதான் தெரியும்.

அசையாத கத்தியை உள்ள தள்ளத் தள்ள துண்டு சின்னதாகும், என்ஜின் சக்தியும் அதிகமாப் போகும். எல்லாரும் பொடியா வெட்டுனா நல்லதுன்னு நினைக்கிறாங்க, ஆனா பொடியான துண்டு லேசானது, எவ்வளவு வேகமா எறிஞ்சாலும் தூரம் போகாது, ஒரு பஞ்சை எறியிறதுக்கும் ஒரு கூழாங்கல்லை எறியிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். கொஞ்சம் எடை இருக்கிற துண்டுதான் ஹெட்டரோட ஓரம் வரைக்கும் போய் விழும். அதனால அகலமான ஹெட்டர்ல பொடிசா வெட்டுறதையும் தூரமா வீசுறதையும் ஒரே நேரத்துல முழுசா அடைய முடியாது, நடுவுல ஒரு இடம் தேடணும், அந்த இடம் காலையில ஒண்ணா இருக்கும் சாயங்காலம் வேறயா இருக்கும், ஏன்னா வெயில் இறங்குனதும் வைக்கோல் ஈரத்தை இழுத்து தோல் மாதிரி ஆயிடும், வெட்டுப்படாது, மதியம் வச்ச செட்டிங்கை ராத்திரியும் வச்சு ஓட்டுறவர் மறுநாள் காலையில இறங்கிப் பாத்தா நீள நீளமா கிடக்கும்.

த்ரெஷிங் செட்டிங்கும் இதுல வருது. ரோட்டார் வேகத்தைத் தேவைக்கு மேல ஏத்தி, அதுக்கு அடியில வளைஞ்சிருக்கிற கம்பித் தட்டியான கான்கேவை இறுக்கி வச்சா வைக்கோல் உள்ளயே பொடிஞ்சு சல்லடை மேல விழும், சல்லடைக்கு சுமை, கூளம் அதிகம், அந்தக் கூளம் பரவாது. தானியத்துக்காகப் பண்ற செட்டிங் பரப்புறதையும் மாத்துதுன்னு நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

பரப்புறதுக்கு ரெண்டு வகை இருக்கு, சாப்பருக்குப் பின்னாடி தகடு தகடா விசிறி மாதிரி நிக்கிற டெயில் போர்டு ஒண்ணு, சுத்துற ரெண்டு டிஸ்க்கால வீசுறது இன்னொண்ணு. தகடு வகையில எல்லாத் தகட்டையும் ஒரே கோணத்துல விரிச்சு வைக்கிறது வழக்கமான தப்பு, வெளி ஓரத்துத் தகடு நல்லா விரியணும், நடுத் தகடு கிட்டத்தட்ட நேரா இருக்கணும், இல்லன்னா ரெண்டு ஓரமும் கனமா விழுந்து நடுவுல வெறுமையா ஒரு கோடு வரும். பக்கவாட்டுக் காத்து அடிச்சா எந்த செட்டிங்கும் ஒரு பக்கம் சாயும், காத்து வர்ற பக்கம் அதிகமா வீசுற மாதிரி திருப்பணும், மிஷின் வயல் கோடியில திரும்புனதும் எதிர்ப்பக்கம் மாத்தணும். கேபின்ல இருந்தே மாத்துற வசதி இருக்கிறவங்களுக்கு சுலபம், இல்லாதவங்க அன்னைக்குக் காத்தைப் பாத்து எந்தத் திசையில ஓட்டுறதுன்னு முடிவு பண்ணிக்கலாம். சரிவான நிலத்துலயும் இதே கதை, பள்ளத்துப் பக்கம் அதிகம் விழும். ஒத்தை ரோட்டார் மிஷின்ல இன்னொரு சங்கதி, ரோட்டார் ஒரு பக்கமா சுத்துறதால வைக்கோல் சாப்பருக்குள்ள போறப்பவே ஒரு பக்கம் கனமா போகலாம், அதை சாப்பருக்கு முன்னாடி இருக்கிற தடுப்புத் தகட்டுலதான் சரி பண்ணணும், பின்னாடி விசிறியை எவ்வளவு திருப்புனாலும் தீராது.

சரியா இருக்கான்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க, எடை போடுங்க. அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு சட்டம், கம்பியோ மரமோ எதுல வேணும்னாலும் செஞ்சுக்கலாம், மிஷின் போன தடத்துக்குக் குறுக்கா ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் ஏழெட்டு இடத்துல வச்சு, உள்ள விழுந்து கிடக்கிறதை மட்டும் கூளத்தோட சேத்து வழிச்சு அள்ளி, அறுத்தது போக நிக்கிற அடித்தண்டான தாளை விட்டுட்டு, பையில போட்டு நிறுத்துப் பாத்தா எந்த இடம் கனம் எந்த இடம் லேசுன்னு பளிச்னு தெரியும். கால் சதுர மீட்டருக்கான எடை அது, 4ஆல பெருக்கிக்கங்க. காத்தோட போறப்போ ஒரு தடவை, குறுக்குக் காத்துல ஒரு தடவை. ஒரு மணி நேர வேலைதான்.

இதோட சேத்து ஒரு எச்சரிக்கை. ஸ்ப்ரெடர் நல்லா வேலை செஞ்சா சிந்துற தானியமும் நல்லா பரவிடும், தரையில சதுர அடிக்கு ரெண்டு மூணு மணிதான் தெரியும், பரவாயில்லன்னு தோணும், ஆனா அது மொத்த அகலத்துக்கும் பரவுன ரெண்டு மூணு. கோடு போட்டுக் கொட்டுற மிஷின்ல அதே நஷ்டம் கண்ணைக் குத்தும். அதனால இழப்பை அளக்குறப்போ தட்டு போட்டு அளந்து, எவ்வளவு அகலத்துல பரவி விழுதோ அந்த அகலத்தையும் கணக்குல எடுத்துக்கங்க.

பயிருக்குப் பயிர் இது மாறும். மக்காச்சோளத்துல தட்டை பெரும்பாலும் மிஷினுக்குள்ள வர்றதே இல்ல, கதிர், மட்டை, சக்கைதான் வரும், அதுக்கு சாப்பர் வேகத்தைக் குறைச்சு வைக்கணும். பட்டாணி கொடி கொடியா சுருண்டு வரும். ஆளி தண்டு நார், சீக்கிரம் வெட்டுப்படாது சீக்கிரம் மக்கவும் செய்யாது, சுத்திக்கவும் செய்யும். வைக்கோலைக் கட்டு கட்டி எடுக்கப் போறீங்கன்னா சாப்பரை நிறுத்தி வரிசையா விட்டுடலாம், அப்பவும் கூளத்தை வரிசைக்கு அடியில கொட்ட விடாம பரப்புறது நல்லது.

இப்போ கல்லுக்கு வருவோம். கோதுமையில முழங்கால் உயரத்துல அறுக்குறவருக்கு கல்லுப் பிரச்சினை பெருசா இருக்காது. சோயா, பட்டாணி, மைசூர்ப் பருப்பு, கொண்டைக்கடலை இதெல்லாம் காய் தரையை ஒட்டித் தொங்குற பயிர், கத்தியைத் தரையில உரசுற மாதிரி ஓட்டணும், அங்கதான் கல்லு வரும். குளிர் தேசங்கள்ல வருஷா வருஷம் மண்ணு உறைஞ்சு இளகுறப்போ அடியில இருக்கிற கல்லு மெல்ல மெல்ல மேல ஏறி வந்துட்டே இருக்கும், பொறுக்க பொறுக்கத் தீராது. சாஞ்சு விழுந்த பயிரை அறுக்குறப்பவும் இதே நிலைமைதான்.

உள்ள போன கல்லு எந்தெந்த இடத்தைக் கெடுக்கும்னு வரிசையா யோசிச்சாலே எங்க நிறுத்தணும்னு புரிஞ்சுடும். கட்டர் பார்ல, அதாவது அறுக்குற கத்தி வரிசையில, நின்னா ஒரு கத்தித் துண்டு, இல்ல அதைக் காக்குற கூர் முனையான ஒரு கார்டு, பத்து நிமிஷத்துல மாத்திடலாம். பயிரை டிரம்முக்கு ஏத்திக் கொடுக்குற ஃபீடர் ஹவுஸ்ல போனா செயின் பட்டை வளையும், அரை நாள். டிரம்முக்கோ ரோட்டாருக்கோ போயிட்டா மணியை உரசி உதிர்க்கிற ராஸ்ப் பார் விரிசல் விடும், கான்கேவ் கம்பி வளையும், சீசன் நடுவுல மிஷின் படுத்துடும், அதோட முடியாது, கம்பி வளைஞ்சது தெரியாம ஓட்டுனா உதிராத கதிர் பின்னாடி போய்ட்டே இருக்கும். அதனால ஒவ்வொரு படி முன்னாடி நிறுத்துறதுக்கும் ஒவ்வொரு மடங்கு லாபம், மிச்ச எல்லாத்தையும்விட கத்திக்கு வெளியவே நிறுத்துறதுதான் நல்லது.

அங்க முதல் விஷயம் ஹெட்டரோட சாய்வு. கார்டு முனை கீழ் நோக்கிக் குத்திட்டு இருந்தா கரண்டி மாதிரி மண்ணையும் கல்லையும் அள்ளும், கொஞ்சம் படுத்த கோணத்துல வச்சா கல்லு கார்டுக்கு அடியில நழுவிப் போயிடும். சாஞ்ச பயிருக்காக முனையை இறக்குனவங்க, பயிர் நிமிந்த இடத்துக்கு வந்தப்புறம் திருப்பி மாத்த மறந்துடுறாங்க. அடுத்தது ஸ்கிட் ஷூ, ஹெட்டருக்கு அடியில தரையில வழுக்கிட்டு வர்ற தாங்கி, அதை ஒரு துளை இறக்கி மாட்டுனா கட்டர் பார் கொஞ்சம் மேல வரும், கல்லுக் காட்டுல அந்தக் கொஞ்சமே பெரிய வித்தியாசம். ஃப்ளோட், அதாவது ஹெட்டர் தரை மேல அழுத்துற எடை, கனமா இருந்தா ஹெட்டர் தரையை உழுதுட்டே போகும், கையால தூக்குனா எழும்புற அளவுக்கு இலகுவா இருக்கணும், மேனுவல்ல எடை சொல்லியிருப்பாங்க. பயிரை உள்ள சாய்க்கிற ரீலோட விரல் கத்திக்கு முன்னாடி தரையைத் தொட்டா கல்லைப் பொறுக்கி உள்ள போட்டுடும், அதையும் ஏத்துங்க. ஆட்டோ உயர சென்சார் இருந்தாலும் அதுக்கு உணர்ந்து தூக்க நேரம் வேணும், மணிக்கு 8 கிலோமீட்டர்ல ஓட்டிட்டு சென்சார் காப்பாத்தும்னு நம்பக் கூடாது. துணி கன்வேயர் ஹெட்டர்ல கட்டர் பாருக்குப் பின்னாடி கொஞ்சம் உசரமா ஒரு பட்டி மாட்டலாம், உருண்டு வர்ற கல்லு அதுல தட்டி அங்கயே நிக்கும், பயிர் தாண்டிப் போயிடும்.

கத்தியைத் தாண்டி வந்துட்டா அடுத்தது கல் பொறி. ஃபீடர் ஹவுஸுக்கும் டிரம்முக்கும் நடுவுல ஒரு பள்ளத் தொட்டி, அதுக்கு மேல பீட்டர்ங்கிற சுத்துற உருளை, கல்லு கனமா கெட்டியா இருக்கிறதால பீட்டர் அடிச்சதும் தொட்டிக்குள்ள விழும், பயிர் மிதந்து மேலயே போகும். ரொம்ப எளிமையான ஏற்பாடு, நல்லாவும் வேலை செய்யும், ஆனா ஒரே ஒரு நிபந்தனை, தொட்டி காலியா இருக்கணும். மண்ணும் தானியமும் கூளமும் சேந்து ஈரத்துல இறுகி நிரம்பிட்டா கல்லுக்கு விழ இடம் இல்ல, மேல உருண்டு நேரா டிரம்முக்குள்ள போகும். நிரம்புன பொறி இருக்கிறதும் ஒண்ணு, பொறி இல்லாத மிஷினும் ஒண்ணு. தினம் ஒரு தடவை கட்டாயம், கல்லுக் காட்டுல நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சத்தம் கேட்டா உடனே. கதவு திறந்து தானா கொட்டலைன்னா கம்பியை விட்டுக் குத்தி சுரண்டி எடுக்கணும், என்ஜினை அணைச்சு, சாவியைக் கையில எடுத்துட்டு, ஹெட்டரைத் தூக்கி சேஃப்டி லாக் போட்டப்புறம்தான் அடியில போகணும், இதுல அவசரத்துக்கே இடம் கிடையாது.

சில மிஷின்ல பொறிக்குப் பதிலா மோதுற சத்தத்தைக் கேக்குற சென்சார் இருக்கும், கல்லு தகட்டுல இடிச்சதும் ஃபீடர் அடியில முழு அகலத்துக்கும் கதவு திறந்து வெளிய தள்ளிடும். அதோட உணர்திறனை நடுவுல வச்சு ஆரம்பிச்சு பயிருக்குத் தக்கபடி மாத்தணும், ரொம்ப ஏத்தி வச்சா சின்னச் சத்தத்துக்கெல்லாம் திறந்துட்டே இருக்கும், எரிச்சல்ல ஓட்டுறவர் அதை அணைச்சுடுவார், அணைச்சு வச்ச அன்னைக்குத்தான் கல்லு வரும். ஃபீடர் முன் உருளையோட உயர ஸ்டாப்பையும் பயிருக்குத் தக்க மாத்தி வைங்க, செயின் இழுவையும் மேனுவல் சொல்ற அளவுல இருக்கட்டும்.

சுமை மீறுனா வழுக்குற ஸ்லிப் கிளட்ச், அறுந்துபோற ஷியர் போல்ட் இந்த ரெண்டும் பலியாகுறதுக்குன்னே வச்ச பாகங்கள். ஷியர் போல்ட் அடிக்கடி அறுதுன்னு கெட்டியான போல்ட்டைப் போடுறது மாதிரி ஆபத்தான சிக்கனம் வேற இல்ல, போல்ட் அறாது, ஷாஃப்ட் அறும். கிளட்ச்சும் அப்படித்தான், ஒரு சீசன் சும்மா நின்னா துருப்பிடிச்சு தட்டெல்லாம் ஒட்டிக்கும், வழுக்க வேண்டிய நேரத்துல வழுக்காது, அதனால ஓட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்கைத் தளத்தி ஒரு தடவை வழுக்க விட்டு, மறுபடி சொன்ன அளவுக்கு இறுக்கணும். ஸ்பிரிங் நீளம் மேனுவல்ல போட்டிருக்கும், ஒரு சுத்து கூடுதலா இறுக்குறது பலம்னு நினைக்காதீங்க.

சத்தம் கேட்டா என்ன பண்ணணும்? யோசிக்காம ஹெட்டரை நிறுத்துங்க, ஃபீடர் அதோட நிக்கும், கை அந்த ஸ்விட்ச்சுக்குத் தானாப் போற அளவுக்குப் பழகணும். நிறுத்திட்டு இறங்கிப் போய் பொறியைத் திறந்து பாருங்க. கல்லு கிடைச்சா சரி, கிடைக்கலைன்னா அது டிரம்மைத் தாண்டிப் போயிடுச்சுன்னு வச்சுக்கிட்டு, கான்கேவை எட்டிப் பாத்து கம்பி, ராஸ்ப் பார், ரெண்டுக்கும் உள்ள இடைவெளி எல்லாத்தையும் சரி பாக்கணும், சாப்பரையும் சேத்து.

ஏன் சாப்பரையும்னா, கல்லும் வைக்கோலும் கடைசியா சந்திக்கிற இடம் அதுதான். தொங்குற கத்தி மடங்கிக் கொடுக்குறதுக்குத்தான் தொங்கவே விட்டிருக்கு, ஆனா அசையாத கத்தி மடங்காது, கல்லுக் காட்டுல அதை வெளிய இழுத்து வச்சுட்டு கொஞ்சம் நீள வைக்கோலை ஏத்துக்கிறது புத்திசாலித்தனம். ஒரு கத்தி ஒடைஞ்சா உடனே நடுக்கம் வரும், இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டுப் பாக்கலாம்னு விட்டா பேரிங் சூடேறும், காஞ்ச கூளத்துக்கு நடுவுல சூடேறுன பேரிங் நெருப்புக்கு அழைப்பு. கல்லும் இரும்பும் உரசுறப்போ வர்ற தீப்பொறியும் அப்படியே. தீயணைப்பான் எட்டுற இடத்துல இருக்கட்டும், சாப்பரைச் சுத்தி அடையிற தூசியை தினம் ஊதித் தள்ளுங்க. அது வழியா தப்பிச்ச கல்லு குண்டு மாதிரி பறந்து போகும், வேலை நடக்குறப்போ மிஷினுக்குப் பின்னாடியும் பக்கத்துலயும் ஆளு நிக்கவே கூடாது. நிறுத்துனப்புறமும் சாப்பர் கொஞ்ச நேரம் தானா சுத்தும், முழுசா நின்னது கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம்தான் கிட்டப் போகணும்.

அதனாலதான் முதல்ல சொன்ன உயரத்துக்கே திரும்ப வர்றேன். கதிர் உயரத்துல நிக்கிற பயிர்ல 10 சென்டிமீட்டர் ஏத்தி அறுத்தாலே சாப்பருக்கு வேலை குறையும், வேகமா ஓட்டலாம், கல்லு வராது, நிக்கிற தாள் பனியையும் ஈரத்தையும் பிடிச்சு வைக்கும். கதிரை மட்டும் உருவி எடுக்குற ஸ்ட்ரிப்பர் ஹெட்டர் இதோட எல்லைக்கே போகுது, தண்டு முழுசும் நின்னுடும், பரப்புற பிரச்சினையே கிட்டத்தட்ட இல்லாமப் போயிடும். ஆனா அந்த உயரத் தாளுக்குள்ள விதைக்கிற கருவி உங்ககிட்ட இருக்கணும், டிஸ்க் வகை சமாளிக்கும், நெருக்கமான டைன் வகை திணறும். எதிர்க்கணக்கும் ஒண்ணு இருக்கு. மேற்கு ஆஸ்திரேலிய விவசாயி ரே ஹாரிங்டன் உருவாக்குன மாதிரி களை விதையை அரைச்சுக் கொல்ற மில்லை கம்பைன் பின்னாடி மாட்டுறவங்க, இல்ல கூளத்தை வேணும்னே ஒரே கோட்டுல விட்டு களையை அங்கயே அடக்குறவங்க, களை விதை உள்ள வரணும்ங்கிறதுக்காகவே தாழ அறுக்குறாங்க. அதுக்கு நியாயம் இருக்கு, ஆனா தாழ அறுத்தா மண்ணும் கல்லும் வந்து அந்த மில்லைத்தான் முதல்ல தேய்க்கும், அதனால அவங்களுக்கு கல் பொறி மத்தவங்களைவிட இன்னும் முக்கியம்.

தரையை ஒட்டி அறுத்தே ஆகணும்ங்கிற பயிருக்கு வேலை அறுவடைக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. விதைச்சதும் கனமான உருளையை ஓட்டி சின்னக் கல்லை மண்ணுக்குள்ள அமுக்கி தரையை மட்டமாக்குறது, பெருசைப் பொறுக்குறது, பொறுக்க முடியாததை ஜிபிஎஸ்ல குறிச்சு வைக்கிறது. விதைக்கிறப்போ கல்லு எங்க இருக்குன்னு ஓட்டுறவருக்கு நல்லாத் தெரியும், அறுக்குறப்போ அந்த இடம் பூரா இலையும் தண்டும் மூடி ஒண்ணும் தெரியாது, ரெண்டும் வேற வேற ஆளா இருந்தா இன்னும் மோசம், அதனால விதைச்ச அன்னைக்குக் குறிச்ச புள்ளியை கம்பைன் ஸ்கிரீனுக்கு மாத்திக்கங்க, புள்ளி கிட்ட வர்றப்போ ஹெட்டரை ஒரு சாண் தூக்கிட்டு, தாண்டுனதும் இறக்கிக்கலாம்.